ஹாலி சிக்கா முதல் சில்லு அட்டை வரை

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் சென்று வாழ்பவர்களுக்கு, புதிய நகரத்தின் முதல் அறிமுகம் பெரும்பாலும் ஒரு சிறு சாளரத்தின் வழியாகவே கிடைக்கிறது. புகைவண்டி நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் சாளரம் அது. செல்ல வேண்டிய ஊரின் பெயரைப் பழகாத மொழியின் ஒலிப்பிலே சொல்ல வேண்டும். கேட்கும் தொகையைப் புரிந்துகொள்ள வேண்டும். சில்லறை சரியாக வந்ததா என்று எண்ண வேண்டும். பின்னால் நிற்பவர்களுடைய பொறுமையையும் சோதிக்காதிருக்க வேண்டும். மும்பையில் வாழ்வோரும், தில்லியில் வாழ்வோரும், ஐதராபாத்தில் வாழும் நாமும் ஒரு நாள் இச்சாளரத்தின் முன் தயங்கி நின்றவர்களே. இன்று அதே ஐதராபாத்தில், ஒரு சொல்லும் பேசாமல், ஒரு காசும் எண்ணாமல், கையிலுள்ள அட்டையை வாயிலில் காட்டிவிட்டு வண்டி ஏறுகிறோம். இம்மாற்றம் எவ்வாறு வந்தது, நமக்கு எதைத் தந்தது, எதை இன்னும் தரவில்லை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கட்டணம் செலுத்தியதற்கு ஓர் அடையாளம் இடுவது நமக்குப் புதிய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின்மீது சோழரின் புலி முத்திரையைப் பொறித்தனர் என்பதைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். அம்முத்திரையைக் கண்ட காவலன் பொதியை மீண்டும் தடுக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் ஒருவர் சரிபார்த்ததை வேறிடத்தில் வேறொருவர் ஐயமின்றி ஏற்பதற்கு ஒரு குறி வேண்டும். முத்திரையின் பயன் அதுவே. புகைவண்டிச் சீட்டும், இன்றைய சில்லு அட்டையும் அந்தப் புலி முத்திரையின் வழிவந்தவை எனலாம். முத்திரை எத்தனை பேரால் ஏற்கப்படுகிறதோ அத்தனை தூரமே அதற்கு மதிப்பு உண்டு. இந்த உண்மையை மனத்திற் கொண்டு ஐதராபாத்தின் வரலாற்றுக்கு வருவோம்.

நிசாம் சமஸ்தானத்திற்குப் புகைவண்டி வந்தது 1874-ஆம் ஆண்டில். பம்பாயையும் சென்னையையும் இணைத்த பெரும்பாதையிலிருந்த வாடி என்னும் சந்திப்பிலிருந்து செகந்தராபாத் வரை அப்பாதை போடப்பட்டது. செகந்தராபாத், ஐதராபாத்தை அடுத்து ஆங்கிலப் படைகள் தங்கிய பாளையமாக 1806-ஆம் ஆண்டு முதல் வளர்ந்த ஊர். சென்னை மாகாணத்துப் படைகளோடும், அப்படைகளைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் பலர் அங்கே வந்து குடியேறினர். அக்காலத்தில் சென்னையிலிருந்து இராய்ச்சூர் வழியாக வந்த பயணி, வாடியில் இறங்கி நிசாமின் வண்டிக்கு மாறினார். வண்டி மட்டும் அங்கே மாறவில்லை. சமஸ்தானத்துக்குள் புகப் புக நாணயமும் மாறியது.

ஐதராபாத் தனக்கென நாணயம் அச்சிட்டுக்கொண்ட அரசு. அந்த நாணயத்தின் பெயர் ஹாலி சிக்கா. நடப்பில் உள்ள காசு என்பது அதன் பொருள். ஆறாம் நிசாம் மகபூப் அலி கான் காலத்தில் அதன்மீது சார்மினாரின் உருவம் பொறிக்கப்பட்டது. 1918-ஆம் ஆண்டு முதல் காகித நோட்டுகளும் வெளிவந்தன. பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாயும் 16 அணா, ஐதராபாத்தின் ரூபாயும் 16 அணா. ஆயினும் இரண்டும் ஒரே மதிப்புடையவை அல்ல. 7 ஹாலி சிக்கா ரூபாய்க்கு 6 இந்திய ரூபாய் என்பது பிற்காலத்தில் நிலவிய மாற்று விகிதம். ஏழும் ஆறும் எளிதில் வகுபடாத எண்கள். சிறு தொகைகளைக் கொடுத்து வாங்கும் ஏழைக்கு இக்கணக்கு எத்தகைய தொல்லையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பெருவணிகன் மாற்று விகிதத்தால் இலாபம் காணவும் கூடும். கூலி வேலை செய்பவனுக்கோ ஒவ்வொரு மாற்றத்திலும் ஓரிரு காசு கழிவதே வழக்கம்.

இந்தியாவோடு ஐதராபாத் இணைந்த பின்னர் இந்நிலை படிப்படியாக மாறியது. 1950-இல் இந்திய ரூபாய் அங்கே புகுத்தப்பட்டது. சில ஆண்டுகள் இரண்டு நாணயங்களும் அருகருகே புழங்கின. 1957 ஏப்ரல் 1 அன்று அணாவும் பைசாவும் போய், ரூபாய்க்கு 100 நயா பைசா என்னும் பதின்மக் கணக்கு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 1959-இல் ஹாலி சிக்கா முற்றிலும் ஓய்வு பெற்றது. ஒரே நாடு, ஒரே காசு என்னும் நிலையை ஐதராபாத்தின் கடைத்தெரு அடைவதற்குப் பத்தாண்டுகள் ஆயின.

காசின் கதை இவ்வாறிருக்க, சீட்டின் கதையையும் காண்போம். நம்மில் மூத்தவர்கள் கையில் பிடித்துப் பழகிய கனத்த அட்டைச் சீட்டை உருவாக்கியவர் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேயர். மரத்தச்சுத் தொழில் பயின்றவர் அவர். 1830-களில் வட இங்கிலாந்தில் ஒரு சிறு நிலையத்தின் அதிகாரியாகப் பணிபுரிந்தார். அந்நாளில் பயணி ஒவ்வொருவருக்கும் கையாலே எழுதிச் சீட்டுக் கொடுத்தனர். காலதாமதம் ஒரு புறம். வாங்கிய பணம் முழுவதும் கணக்கில் ஏறியதா என்று அறிய வழியில்லாமை மறுபுறம். எட்மண்ட்சன் ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அட்டைகளை முன்கூட்டியே அச்சிட்டு, அவற்றுக்குத் தொடர் எண் இட்டார். விற்கும்போது தேதியைப் பதிக்க ஒரு சிறு பொறியையும் அமைத்தார். மாலையில் எஞ்சிய முதல் அட்டையின் எண்ணைப் பார்த்தால் எத்தனை சீட்டு விற்றது, எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். சீட்டின் தொடர் எண் பயணியைக் காட்டிலும் விற்பவரையே முதலில் கண்காணித்தது என்பது கருதத்தக்கது. இவ்வட்டை முறை உலகெங்கும் பரவி, இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆட்சி செய்தது. முன்பதிவில்லாச் சீட்டுகளையும் கணிப்பொறி அச்சிடும் முறை 2002-இல் தொடங்கிய பின்னரே அது மெல்ல மெல்ல மறைந்தது.

இங்கே ஐதராபாத்தின் வரலாற்றில் நாம் மறந்துவிடலாகாத ஒரு செய்தி உண்டு. 1930-இல் நிசாம் அரசு புகைவண்டிப் பாதையைத் தனியார் நிறுவனத்திடமிருந்து தன் உடைமையாக்கிக்கொண்டது. 1932-இல் அந்தப் புகைவண்டித் துறையே 27 பேருந்துகளோடு சாலைப் போக்குவரத்தையும் நடத்தத் தொடங்கியது. தண்டவாளமும் சாலையும் ஒரே கையில் இருந்தன. பேருந்து புகைவண்டிக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் துணையாகக் கருதப்பட்டது. விடுதலைக்குப் பின் புகைவண்டிப் பாதை இந்திய இரயில்வேயோடு சேர்ந்தது. பேருந்துகள் மாநில அரசின் பொறுப்பாகி, 1958-இல் ஆந்திரப் பிரதேச அரசுச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் கீழ் வந்தன. நாணயம் ஒன்றாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் போக்குவரத்து இரண்டாகப் பிரிந்தது. அப்பிரிவின் விளைவை நாம் இன்றும் சுமக்கிறோம்.

நகரம் விரிந்தது. 1966-இல் செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய இரயில்வே பிறந்தது. 2003 ஆகஸ்டு மாதத்தில் எம்.எம்.டி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் புறநகர் மின்வண்டிகள் லிங்கம்பள்ளிக்கும் செகந்தராபாத்துக்கும், ஐதராபாத் நிலையத்துக்கும் இடையே ஓடத் தொடங்கின. முதற்கட்டச் செலவை இரயில்வேயும் மாநில அரசும் சரிபாதியாக ஏற்றன. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிவரும் மின்வண்டியில் ஏறி வளர்ந்தவர்களுக்கு, எம்.எம்.டி.எஸ். வண்டி ஊரின் நினைவைத் தருவதாக இருந்தது. 2023 ஏப்ரலில் மேட்சல், உம்தாநகர் போன்ற தொலைவான இடங்களையும் இச்சேவை எட்டியது. புதிய தொழிற்பகுதிகளில் வேலை செய்வோர் பலருக்குக் குறைந்த செலவில் செல்வதற்கு இதுவே வழி.

இனி, தொடாமலே கணக்குத் தீர்க்கும் அட்டைக்கு வருவோம். அதன் உள்ளே மின்கலம் ஏதுமில்லை. நெல்மணி அளவினதான ஒரு சில்லும், அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளுமே உள்ளன. நிலைய வாயிலில் உள்ள கருவி, விநாடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும் மின்காந்தப் புலத்தைத் தன்னைச் சுற்றிப் பரப்பிக்கொண்டேயிருக்கிறது. அட்டை சில சென்டிமீட்டர் தொலைவில் நெருங்கியவுடன் அதன் கம்பிச் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது; 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த தூண்டல் விதியே இதற்கு அடிப்படை. உறங்கிய சில்லு விழிக்கிறது. கருவியும் சில்லும் இரகசியக் குறியீடுகளால் ஒன்றையொன்று மெய்யெனச் சோதித்துக்கொள்கின்றன. எந்நிலையத்தில் நுழைந்தோம் என்பது அட்டையில் பதிகிறது. வெளியேறும்போது தொலைவுக்கு ஏற்ற கட்டணம் கணக்கிடப்பட்டு இருப்பிலிருந்து கழிகிறது. இவை யாவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்து முடிகின்றன.

இத்தகைய அட்டைகளை உலகில் பெருமளவில் பரப்பிய நகரங்களுள் ஹாங்காங் குறிப்பிடத்தக்கது. அங்கே 1997 செப்டம்பரில் ஆக்டோபஸ் என்னும் அட்டை வந்தது. அதன் சீனப் பெயர் எட்டுத் திசையிலும் தடையின்றிச் செல்வது என்னும் கருத்தைத் தருவது. புகைவண்டி, பேருந்து, படகு ஆகியவற்றை நடத்திய வெவ்வேறு நிறுவனங்கள் முதலிலேயே ஒன்றுகூடிப் பேசி ஓர் அட்டைக்கு உடன்பட்டன. முதல் மூன்று மாதங்களில் 30 இலட்சம் அட்டைகள் மக்கள் கைக்குச் சென்றன. ஜப்பானில் 2001-இலும், சிங்கப்பூரில் 2002-இலும், இலண்டனில் 2003-இலும் இம்முறை வேரூன்றியது. இந்தியாவில் 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய தில்லி மெட்ரோ இதற்கு முன்னோடி.

ஐதராபாத் மெட்ரோ 2017 நவம்பர் 28 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. முதலில் மியாப்பூரிலிருந்து நாகோல் வரை 30 கிலோமீட்டர். 2020 பிப்ரவரிக்குள் மூன்று வழித்தடங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 69 கிலோமீட்டர். அரசும் எல் அண்ட் டி நிறுவனமும் கூட்டாக மேற்கொண்ட திட்டம் இது. தொடக்கத்தில் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 60 ரூபாய் வரை. ஒருமுறை செல்வோருக்குச் சில்லு பதித்த டோக்கன் வில்லை; அடிக்கடி செல்வோருக்குப் பணம் ஏற்றிக்கொள்ளும் அட்டை. சார்மினார் பொறித்த காசைக் கைவிட்ட நகரம் அறுபது ஆண்டுகள் கழித்துக் காசு வடிவிலேயே ஒரு சீட்டைப் பெற்றது விந்தையே. ஒரு வேறுபாடு உண்டு: ஹாலி சிக்கா சமஸ்தானம் முழுவதும் செல்லும், இந்த வில்லை மெட்ரோவின் வாயிலைத் தாண்டினால் செல்லாது.

இம்முறை நமக்குத் தந்த நன்மை சிறிதன்று. மொழி அறியாதவரும் அட்டையைக் காட்டினால் வாயில் திறக்கிறது. கட்டணம் எவ்வளவு என்று கேட்டு ஏமாற வேண்டியதில்லை. சில்லறை இல்லையென்று எவரும் முகம் சுளிப்பதில்லை. சாளரத்தின் முன் தமிழன், தெலுங்கன், உருது பேசுபவன், ஒடிசாவிலிருந்து வந்தவன் என்னும் வேறுபாடு வெளிப்படத்தான் செய்யும். வாயிற்கருவிக்கு அவ்வேறுபாடு தெரியாது. வேற்றூரில் வாழ்வோர் இதன் அருமையை நன்கு உணர்வர்.

ஆயினும் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து லிங்கம்பள்ளியில் தங்கியிருப்பவர் அவர் என்று கொள்வோம். வேலை ஹயத்நகரில். லிங்கம்பள்ளியிலிருந்து கைரதாபாத் வரை எம்.எம்.டி.எஸ். வண்டி, அங்கிருந்து எல்.பி. நகர் வரை மெட்ரோ, பின்னர் பேருந்து. ஒரு வழிப் பயணத்தில் மூன்று முறை கட்டணம் செலுத்துகிறார். புறநகர் வண்டிக்கு எடுத்த சீட்டை மெட்ரோ வாயில் அறியாது. மெட்ரோவில் ஏற்றிவைத்த பணத்தைக் கொண்டு புறநகர் வண்டியில் ஏற இயலாது. பேருந்தில் நடத்துநர் தம் கையிலுள்ள கருவியில் வேறொரு சீட்டை அடித்துக் கொடுக்கிறார். கைரதாபாத், பேகம்பேட்டை, பரத்நகர், மலக்பேட்டை ஆகிய இடங்களில் இரு இரயில்களின் நிலையங்களும் அருகருகே நிற்கின்றன. நடந்து கடக்கும் தூரமே; கணக்கில் அவை இரு வேறு சமஸ்தானங்கள். வாடி சந்திப்பில் அன்று வண்டி மாறியவரின் நிலைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இதற்குக் காரணம் உண்டு. மெட்ரோ தனக்கென்றே கட்டிய பாதையில் ஓடுவது. அதன் நிலையங்கள் மூடிய அமைப்புடையவை. எல்லாரும் வாயிற்கருவியைக் கடந்தே ஆக வேண்டும். எம்.எம்.டி.எஸ். வண்டியோ நெடுந்தூர வண்டிகள் ஓடும் தண்டவாளத்தையும் நடைமேடைகளையும் பகிர்ந்துகொள்வது. அத்தகைய திறந்த நிலையங்களுக்கு வாயிற்கருவி அமைப்பது எளிதன்று. ஆகவே அங்கே சீட்டுப் பரிசோதகரையும் அபராதத்தையும் கொண்டே ஒழுங்கு காக்கப்படுகிறது. சாளரம், தானியங்கி இயந்திரம், கைப்பேசி என எவ்வழியில் எடுத்தாலும் அது சீட்டாகவே இருக்கிறது. வாயிலைத் திறக்கும் சாவியாக இல்லை. இவற்றோடு வருமானத்தைப் பங்கிடும் வழக்கும் சேர்கிறது. ஓர் அட்டையில் செலுத்திய பணத்தில் இரயில்வேக்கு எவ்வளவு, மெட்ரோவுக்கு எவ்வளவு, பேருந்துக் கழகத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வோர் இரவும் கணக்குத் தீர்க்க வேண்டும். சில்லுக்கு இது எளிய வேலை. உடன்பாடு காண வேண்டியவர்கள் மனிதர்கள், அங்கேதான் காலதாமதம்.

ஆயினும் அது இயலாத செயலன்று. எல்லா நகரங்களிலும் செல்லத்தக்க தேசியப் பொதுப் பயண அட்டை 2019 மார்ச்சு மாதத்தில் அறிமுகமாயிற்று. வங்கிகள் வழங்கும் அட்டை அது. எந்த நகரத்தில் வாங்கினாலும் அதனை ஏற்கும் வேறு நகரத்திலும் செல்லும் என்பது அதன் கோட்பாடு. சென்னையில் சிங்காரச் சென்னை அட்டை என்னும் பெயரில் 2023-இல் மெட்ரோவுக்கும், 2025 சனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் அது வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் மின்வண்டி ஆகிய மூன்றுக்கும் கைப்பேசியில் ஒரே இடத்தில் சீட்டெடுக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஈரூர்களுக்கிடையே வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு இது வெறும் வசதி மட்டுமன்று. பொங்கலுக்குச் சென்னை சென்று இறங்கும்போது செல்லும் அட்டை, திரும்பி வந்து வேலைக்குப் போகும்போதும் செல்லுமாயின், இரண்டு ஊர்களும் நம்மை ஏற்றுக்கொண்டன என்று பொருள்.

ஒன்றுபடுத்தும் ஆர்வத்தில் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, கைக்காசின் உரிமை. கைப்பேசி இல்லாதவர், வங்கிக் கணக்கு இல்லாதவர், அட்டையில் முன்கூட்டியே பணத்தை இட்டுவைக்க இயலாத நாட்கூலிக்காரர் ஆகியோர் நகரத்தில் இருந்துகொண்டேயிருப்பர். அவர்களுக்காக ஒரு சாளரமேனும் திறந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, பயணியின் தனிமை. பழைய அட்டைச் சீட்டில் பெயர் இல்லை. மாலையில் வாயிலில் கொடுத்துவிட்டால் நாம் எங்கே சென்றோம் என்பதை அறிவார் எவருமில்லை. இன்றைய அட்டை ஒவ்வொரு நுழைவையும் நினைவில் வைக்கிறது. வங்கி அட்டையாக இருப்பின் அந்நினைவு பெயரோடு சேர்கிறது. எட்மண்ட்சனின் தொடர் எண் சீட்டு விற்றவரைக் கண்காணித்தது. சில்லின் எண் சீட்டு வாங்கியவரைக் கண்காணிக்க வல்லது. அப்பதிவு எவரிடம், எத்துணைக் காலம், எதற்காக இருக்கும் என்பதைக் கேட்டறியும் உரிமை பயணிக்கு உண்டு.

முதற்குலோத்துங்க மன்னனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று நம் முன்னோர் போற்றினர். கட்டணமே வேண்டாவென்று இன்று எவரும் கேட்கவில்லை. ஒரு நகரத்துக்குள் மூன்று எல்லைகளைக் கடப்பது போன்ற தொல்லையைத் தவிர்க்க வேண்டுமென்றே கேட்கிறோம். ஏழு ரூபாயை ஆறு ரூபாயாக்கும் கணக்கோடு போராடிய ஐதராபாத், 1959-இல் ஒரே காசுக்கு வந்து சேர்ந்தது. தண்டவாளத்தையும் சாலையையும் 1932-இல் ஒரே துறையின் கீழ் நடத்திப் பார்த்த நகரமும் இதுவே. இரண்டு அனுபவங்களும் அதன் வரலாற்றிலேயே இருக்கின்றன. லிங்கம்பள்ளியில் ஏறும் தொழிலாளி ஹயத்நகரில் இறங்கும்வரை ஒரே சீட்டோடு செல்லும் நாளில், சார்மினார் பொறித்த அந்தப் பழைய காசின் கதை உண்மையில் முடிவுறும்.